அந்தோணிசாமி சொன்ன பதில்

1958இல் நரம்பியல் பயிற்சிக்காகச் சென்னையிலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பத்திரம் எழுதும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அந்தோணிசாமி, தலையில் அடிபட்டு என் வார்டில் படுத்திருந்தார். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று சோதித்தேன். பெயர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார்.

“இந்த ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது?”

“பிரான்சு.”

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ‘புத்தி குழம்பியிருக்கிறது, மனநோய் வார்டுக்கு மாற்றவும்’ என்று எழுதிவிட்டேன்.

செய்தி கேட்டு அவர் மகள் அழுதாள். நான் காரணத்தைச் சொன்னதும் அந்தோணிசாமியே எழுந்து உட்கார்ந்தார்.

“ஊரு இந்தியா கையிலதான் இருக்குது, எனக்குத் தெரியாதா டாக்டர்? ஆனா ஊர இந்தியாவுக்குக் குடுக்குற ஒப்பந்தத்த பிரான்சு பார்லிமென்ட் இன்னும் ஒத்துக்கலியே. சட்டப்படி கேக்குறீங்கன்னு நெனச்சேன்.”

அவர் சொன்னது உண்மை. அந்த வார்டில் விவரம் தெரியாதவன் நான் ஒருவன்தான். எழுதியதை அவர் கண்ணெதிரேயே அடித்தேன். பத்து நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். அதன்பிறகு, “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று கேட்காமல் எந்த நோயாளியைப் பற்றியும் நான் எழுதியதில்லை.

1962இல் கைமாற்றம் சட்டப்படியும் முடிந்தது. நான் அங்கேயே வேலையில் சேர்ந்திருந்தேன். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையில் என் மேசை முன் வந்து நின்றார் அந்தோணிசாமி.

“டாக்டர், இப்ப கேளுங்க அந்தக் கேள்விய.”