மழை பெய்தால் அணையும் கம்ப்யூட்டர்

காயாரோகணம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். இந்த ஒரே தகுதியால் கரையில் நிறுத்தப்பட்டு, படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்த்து, பிறகு திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்தார். பதினாறு வருஷத்தில் கட்சிகள் மாறி மாறி ஆண்டன. அவை இலவசமாகக் கொடுத்த மிக்சி, மின்விசிறி, லேப்டாப் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் மேசையில் வந்து படுத்தன. எதையும் அவர் முடியாது என்று திருப்பி அனுப்பியதில்லை, கமருன்னிஸாவின் பெட்டி வரும்வரை.

கமருன்னிஸா ஊருக்குக் கிழக்கே இரண்டு மைலில் குடியிருந்தாள். கணவர் அஹமது கபீர் ஷார்ஜாவில் கிடங்கு வேலையில் இருந்தார். நம் நேரத்துக்கு மாலை ஏழிலிருந்து எட்டுவரை அவருக்கு ஓய்வு. போனில் பேசினால் பத்தாவது நிமிஷம் சண்டை வந்துவிடும் என்பதால், அந்த ஒரு மணி நேரம் இருவரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் சேர்ந்து விவசாயம் பார்த்தார்கள். அவர் டிராக்டர் ஓட்டுவார், இவள் விதைப்பாள்; மைக்கில் பயிரைப் பற்றி மட்டும் பேச்சு. ஐந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் கூடி வாழ்ந்த இடம் அதுதான்.

அது வானமும் மேட்டூரும் சேர்ந்து கைவிரித்த வருஷம். விளையாட்டு வயலில் மட்டும் மழை தவறாமல் பெய்தது. பெய்த மறுகணம் கமருன்னிஸாவின் பெட்டி பட்டென்று அணைந்தது.

"பாதிப் பேச்சுல நானே அணைச்சிட்டுப் போறேன்னு நெனைக்கிறாருண்ணே. நேத்தெல்லாம் பேசவே இல்ல. எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க."

"இதும் எஞ்சின் மாதிரிதாம்மா. சும்மா ஓடுனா ஓடும், சுமை ஏத்துனா நின்னுடும். மழைன்னா ஒவ்வொரு துளியையும் அது வரையணும்ல? எந்த உறுப்புக்கோ தெம்பு இல்ல. புடிச்சிடுறேன்."

மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். விசிறியிலிருந்து தூசியையும் இரண்டு பல்லி முட்டைகளையும் அப்புறப்படுத்தினார். கிராபிக்ஸ் கார்டை மாற்றினார். கடையில் வைத்து மூன்று நாள் விடாமல் மழை பெய்ய விட்டார். பெட்டி வெள்ளத்தையே தாங்கியது. வெற்றி வீரராக வீட்டில் கொண்டுபோய் மாட்டினார். ஏழேகாலுக்குத் தூறல் விழுந்தது. அணைந்தது.

அப்போதுதான் மீட்டரைச் சுவர் பிளக்கில் செருகினார். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய சுவர் நூற்றைம்பதில் கிடந்தது. வெளியே காது கொடுத்தார். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர், ஒற்றை டிரான்ஸ்பார்மரை வைத்துக்கொண்டு பூமியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. புது பவர் சப்ளை ஒரு நிமிஷம் கூடுதலாகத் தாங்கியது. ஸ்டெபிலைசர் டிக்டிக்கென்று பரிதாபம் தெரிவித்தது. யு.பி.எஸ். நாலு நிமிஷம் கத்திவிட்டு உயிரை விட்டது.

லைன்மேன் காத்தானைப் பிடித்தார்.

"புது டிரான்ஸ்பார்மர் வந்து நாலு வருஷமாச்சுண்ணே. ஆபீஸ் வாசல்ல கெடக்கு, ஆடு கட்டுறாங்க."

"கொண்டாந்து நிறுத்த வேண்டியதுதானே?"

"எங்க நிறுத்துறது? அந்த எடம் என் பட்டாங்குறாரு பஞ்சநதம். உச்சவரம்புச் சட்டத்துல எடுத்த உபரி நெலம், எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்ததுங்குறாரு மருதையன். அந்தக் கேசுக்கு என் வயசுண்ணே!"

காயாரோகணம் இருவரையும் போய்ப் பார்த்தார். மிராசுதார் பஞ்சநதம் நாற்காலிகூடப் போடவில்லை.

"கம்ப்யூட்டர்ல நாத்து நடுறதுக்கு நான் பூமிய விட்டுக் குடுக்கணுமா? அது கெடக்கட்டும், நீ எந்தக் கட்சி?"

விவசாயத் தொழிலாளி மருதையன் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அவர் பட்டான்னு ஒத்துக்கிட்டு இன்னிக்கு ஒரு கம்பம் நட விட்டா, நாளைக்கு எல்லாமே அவருதுன்னு எழுதிடுவாங்க தோழர். எங்கப்பா அந்த வரப்புல அடி வாங்குனவரு."

இதற்கு மாற்ற எந்த உதிரி பாகமும் காயாரோகணத்திடம் இல்லை.

கடைசிச் சிகிச்சையாகக் காட்சியின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். மாடு கட்டமாயிற்று, மரம் குச்சியாயிற்று. அப்படியும் வயலைப் பார்த்தால் அணைந்தது. விளையாட்டில் அவள் ஆள் கொட்டகையின் வெறும் சுவரைப் பார்த்து நின்றால் மட்டும் அணையவில்லை. அங்கே வரைவதற்கு ஒன்றும் இல்லை.

"திரும்பிடாத தங்கச்சி. அப்படியே நில்லு."

ஏழேகாலுக்கு மழைச் சத்தம் கேட்டது. பெட்டி தாங்கியது. ஸ்பீக்கரில் கபீரின் குரல் வந்தது.

"ஏன் கமரு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிற? கோவமா?"

"இல்ல மச்சான். திரும்புனா போயிடுவேன்."

"என்ன பேச்சு இது? யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் காயாரோகணத்தைப் பார்த்தாள். அவர் மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"வணக்கம் தம்பி. பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. நில உச்சவரம்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க பாருங்க..."

ஸ்பீக்கரில் டிராக்டர் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கபீர் இறங்கி வருகிறாரா, விளையாட்டை விட்டே போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்க வேண்டும்.