மாரியம்மன் கேட்ட ராக் பாட்டு

மாரியம்மனுக்கு இங்கிலீஷ் ராக் பாட்டு பிடிக்கும் என்பது என் எட்டு வயதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். கண்ணால் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் யாராவது மறுத்தால் சண்டைக்குப் போவேன். அதற்காக ஒருத்தியின் ஜடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டதும் உண்டு.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார். படிப்பு ஏறவில்லை, வேலையை மேய்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்காத நாளும் இல்லை. ஆனால் கோயில் உறுமி மேளத்துக்கு அவர்தான் தலை. உறுமியைத் தோளில் மாட்டிவிட்டால் போதும், அவரைக் கண்டுகொள்ளாத பெரியவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த ஒரு மரியாதைதான் அவருக்கு இருந்தது.

ஒரு நாள் சிரம்பான் டவுனுக்குப் போனவர் ஒரு கேசட்டோடு திரும்பினார். இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் குழுவின் பிரபலமான பாட்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த கேசட். அன்றோடு வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நிம்மதி போயிற்று. ஒரு பாட்டு தாலாட்டு போலத் தொடங்கும்; நடுவில் ஒரு கூட்டமே கூடி வாய்ச்சண்டை போடும்; கடைசியில் அழுதபடி அடங்கும். "ஒரே பாட்டுல கல்யாணமும் இருக்கு, கருமாதியும் இருக்கு லா," என்பார் மாமா. இன்னொன்று, பந்து விளையாட்டில் ஜெயித்தவர்கள் தோளில் கைபோட்டு ஆடிக்கொண்டே பாடுவது. எங்கள் தோட்டத்துப் பையன்கள் தோற்ற நாளிலும் அதைத்தான் பாடிக்கொண்டு வந்தார்கள்.

மாமாவின் உயிர் மட்டும் வேறொரு பாட்டில் இருந்தது. தரையில் இரண்டு மிதி, பிறகு ஒரு கைதட்டல். பாட்டு முழுக்க அதே தாளம்தான்.

"வெள்ளக்காரன் நம்ம அடிய எடுத்துக்கிட்டான்க்கா," என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

"நிறுத்துடா அந்த எழவ. மண்ட இடிக்குது," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. மாமா சத்தத்தைக் குறைப்பார். அம்மா அந்தப் பக்கம் போனதும் கூட்டுவார்.

ஆடித் திருவிழா வந்தது. கோயிலுக்கும் மண்டோர்தான் தலைவர். ஒத்திகையில் அந்த இங்கிலீஷ் அடி அவர் காதில் விழுந்துவிட்டது.

"டேய், அம்மன் முன்னுக்கு இந்தக் கூத்த அடிச்ச, உறுமிய கழட்டி வெச்சிட்டுப் போயிரணும். தெமியாங் மேளக்கார ஆளுங்கள கூப்பிட்டுக்குவேன்."

மாமா தலையை ஆட்டினார். உண்மையாகத்தான் ஆட்டினார் என்று இன்றும் நம்புகிறேன்.

சாயங்காலம் ரதம் ஒவ்வொரு லயமாக நின்று நின்று போய், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கே அர்ச்சனை எப்போதும் நீளும். மேளத்துக்குச் சும்மா தட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேலையில்லை. கிராணி வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் நின்று மாமாவைப் பார்த்துச் சிரித்தபடியே ஆரம்பித்தார்கள். இரண்டு மிதி, ஒரு தட்டல். மாமாவின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. உறுமி அந்தத் தாளத்துக்கு வளைந்தது. மற்ற மேளக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பால்குடம் எடுத்தவர்கள்கூட மிதித்தார்கள். நானும் மிதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த ஊர்வலத்திலும் இருந்ததில்லை.

மண்டோர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராக உறுமியின் வாரைப் பிடித்தார்.

"கழட்டுடா. இனிமே கோயில் மேளத்துல ஒன் கை படக்கூடாது."

மாமாவின் முகம் செத்துவிட்டது. வார் தோளிலிருந்து பாதி இறங்கியும்விட்டது.

அம்மா கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை என்னிடம் கொடுத்தாள். "கீழ போட்றாத," என்றாள். அடுத்த நொடி அவளிடமிருந்து ஒரு அலறல் கிளம்பியது. கொண்டை அவிழ்ந்தது, கண்கள் மேலே செருகின. ஆடிக்கொண்டே போய் மாமாவுக்கும் மண்டோருக்கும் நடுவில் நின்றாள். அம்மாவுக்கு அதற்கு முன் சாமி வந்ததே இல்லை.

சாமி ஆடும்போது மேளத்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தோட்டத்துக்கே ஆகாது. மண்டோரின் கை வாரை விட்டது. மாமா பயந்துபோய் வழக்கமான அம்மன் அடிக்கு மாறினார்.

"அது இல்லடா!" அம்மன் தரையை ஓங்கி மிதித்தாள். "முன்ன அடிச்சத அடி!"

மாமா அடித்தார். அம்மன் ஆடினாள். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தாள், தட்ட வேண்டிய இடத்தில் தட்டினாள். ஒரு இடத்திலும் தாளம் பிசகவில்லை. இந்தக் கேசட் கோயிலுக்குள் எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசித்தேன்.

மண்டோர் கற்பூரம் ஏற்றி நீட்டினார். "தாயே, ஏதும் குத்தம் நடந்துபோச்சா?"

"ஒரு குத்தமும் இல்ல. இவன் அடிச்சாத்தான் நான் வருவேன். வேற எவன் அடிச்சாலும் வரமாட்டேன். சொல்லிட்டேன்!"

"ஆகட்டும் தாயே," என்று மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெமியாங் ஆட்களைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ஆட்டம் அடங்கியதும் எல்லாரும் வரிசையாக வந்து அம்மாவின் காலைத் தொட்டுத் திருநீறு வாங்கினார்கள். முதலில் மண்டோர். கடைசியாக மாமா உறுமியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து விழுந்தார். மற்றவர்களைப் போல் தொட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. கண் இன்னும் செருகியபடியே இருந்த அம்மாவின் கை மட்டும் மெல்ல இறங்கி அவர் தலைமுடியைத் தடவியது. "போதும்டா, எந்திரி," என்று மிகத் தணிந்த குரலில் சொன்னாள். பக்கத்தில் தட்டோடு நின்ற எனக்குத்தான் அது கேட்டது. இவ்வளவு பெரிய ஆள் சாமிக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.