ஓடை வளைவில் நாங்கள் வாரிய குப்பை

அந்தக் கார்த்திகைப் புயல் கடலோரத்தைத் தாண்டி உள்ளே வந்து, வைத்திருந்த மழையையெல்லாம் எங்கள் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. அதையே நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். மேலே கல்வராயன் மலையில் என்ன நடந்தது என்பது சாலையைச் சரிசெய்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு இடத்தில் மலைச்சரிவு அப்படியே வழுக்கி இறங்கியிருந்தது. ஓடைகள் தடம் மாறியிருந்தன. காப்புக்காட்டுக்குள் வேரோடு சாய்ந்த மரங்கள் அருவிக்குப் போகும் பாதையை மூடிக்கொண்டு கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு ஆட்கள் வரலாம் என்று வனத்துறை சொன்ன செய்தி வாட்ஸப்பில் வந்தது. நான் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்க்கிறவள். வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவர் கஷ்டத்தை மூன்று பிரதியில் அடித்துக் கொடுக்கிறேன். ஒரு நாளாவது கையால் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. பெயர் கொடுத்தேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம காட்டப் பெருக்கப் போறியா?" என்றார். ஆனாலும் விடிவதற்கு முன் எழுந்து, வேன் நிற்கும் இடம்வரை என்னைக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறிப் போனோம். நாங்கள் இருபது பேர் இருப்போம். எல்லாரையும் மேய்த்தவர் ஒரு வனக்காவலர். சின்ன வயசுதான், ஆனால் வேலையில் கறார். முதல் ஞாயிறு முழுக்கச் சாய்ந்த மரங்களோடு போயிற்று. அவர் ஆட்கள் அறுக்க அறுக்க, நாங்கள் கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டோம்.

அன்றைக்கே அவளைப் பார்த்தேன். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கையில் ஒரு கொடுவாள். எங்களோடு வேனில் வந்தவள் இல்லை. பக்கத்து மலை ஊர்க்காரி. யாரிடமும் பேசவில்லை. நாங்கள் பாதையில் வேலை செய்தோம். அவள் கீழே ஓடைக்குள் இறங்கித் தனியாகக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். காவலரிடம் கேட்டேன். "அந்தம்மா கூலிக்கு வரல மேடம். அதுவா வருது, வுட்டுடுங்க," என்றார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் இருந்தார். நல்ல மனுஷன். அவள் இடுப்பளவு சேற்றில் நின்று ஒரு கட்டையைப் புரட்டுவதைப் போட்டோ எடுத்து, 'காட்டின் மகள்' என்று எழுதி எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டார். எல்லாரும் பதிலுக்குக் கைகூப்பும் படம் போட்டோம். நானும்தான்.

அடுத்த இரண்டு வாரமும் ஓடை வேலை. மேலே இருக்கிற ஊர்களிலிருந்து தண்ணீர் அடித்து வந்ததெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. ஓடை வளைகிற இடத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. அதன் கிளைகளுக்குள் தகரம், பிளாஸ்டிக் குடம், சொட்டுநீர்க் குழாய், செருப்பு, உரச்சாக்கு என்று எல்லாம் சிக்கிக் கிடந்தன. மான்கள் தின்றுவிடும், ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட விடாதீர்கள் என்று காவலர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு, அந்த நாவல் மரத்தின் வேர்ப்பக்கமிருந்து ஒரு யூரியா சாக்கை இழுத்தேன். மண் நிறைந்து கனத்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்த பிறகுதான் வந்தது. அது வெறும் சாக்கு இல்லை. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்து, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற கொங்காணியாகத் தைத்திருந்தார்கள். சிவப்பு நூல். நெருக்கமான தையல். யாரோ பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மண்ணை உதறினேன். மற்றச் சாக்குகளோடு சேர்த்துக் காலால் மிதித்து அமுக்கி மூட்டை கட்டினேன். சாயங்காலம் டிராக்டர் அள்ளிக்கொண்டு போயிற்று.

அவள் அப்போது ஓடைக்கு அந்தக் கரையில், இருபது அடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவது ஞாயிறு மதியம் எல்லாரும் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இவ்ளோ வேல செய்றீங்க, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா."

"நான் வேல செய்யலக்கா," என்றாள். "தேடிக்கினு இருக்கேன்."

"இன்னா தேடறீங்க?"

"எங்க வூட்டுக்காரர."

புயல் நாள் மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த இரண்டு மாடுகளை அவிழ்த்துவிடப் போயிருக்கிறார். 'சோறு போட்டு வையி, தோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பொழுது சாயும்போது மாடுகள் இரண்டும் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றன. அவர் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் நாலு நாள் அணைவரைக்கும் தேடினார்கள். அதற்கு மேல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எல்லாரும் கீழ அணையிலயே தேடுனாங்க. எனக்கு இங்கதான்னு தோணுதுக்கா. தண்ணி எல்லாத்தையும் இங்கதான கொண்டாந்து போட்டிருக்குது?"

'காட்டின் மகள்' ஞாபகம் வந்தது. ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்: "இன்னா போட்டிருந்தாரு அன்னிக்கு?"

"காக்கி டவுசரு, நீலச் சட்ட. தலையில கொங்காணி. யூரியா சாக்குல நான் தச்சுக் குடுத்தது. வூட்ல வெள்ள நூலு இல்ல, செகப்புதான் இருந்துச்சு. செகப்பு நூல்ல தச்சுப்புட்டேன்னு சிரிச்சாரு."

அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். காலில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடக் கழுவவில்லை. அவர், "சொல்லிடு," என்றார்.

"சொன்னா இன்னா ஆவும்? சாக்குதான் போயிடுச்சே."

"எடம் இருக்குதுல்ல? எனக்கு ஒண்ணு ஆயி, என் சட்ட கெடச்ச எடத்த ஒருத்தரு உங்கிட்ட சொல்லாம மறைச்சா நீ இன்னா பண்ணுவ?"

அடுத்த ஞாயிறு மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். முதலில் காவலரைப் பிடித்து, டிராக்டரில் போன மூட்டைகள் எங்கே என்று கேட்டேன். "அது அப்பவே பிளாஸ்டிக் அரைக்கற மில்லுக்குப் போயிடுச்சு மேடம்," என்றார். அன்றைக்கு அவள் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டு நிம்மதி அடைந்த மனசு அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிப்பதில்லை. வேறு யாரிடமும் விஷயத்தைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் போனபோது ஓடை வளைவே மாறியிருந்தது. ஜேசிபி வைத்து நாவல் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டார்கள். வண்டலை நிரவி, கரை மேலும் அறுத்துக்கொண்டு போகாமல் கம்பிவலைக்குள் கல் அடுக்கித் தடுப்புக் கட்டியிருந்தார்கள். யார்மீதும் தப்பு இல்லை. கரையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாரா வாரம் கேட்டது நாங்கள்தான்.

அவள் அந்தக் கல் தடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"செகப்பு நூலுங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்: "கழுத்துக்கிட்ட கட்டுற கயிறு ஒண்ணு இருக்கும். அது அவுந்திருந்துச்சாக்கா, அறுந்திருந்துச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"அவுந்திருந்தா அவரே கழட்டியிருப்பாரு. நீந்தலாம்னு பாத்திருப்பாரு. அறுந்திருந்தா தண்ணி இழுத்துக்கினு போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவருக்கு."

"ஞாபகம் இல்லம்மா."

"நல்லா நெனச்சுப் பாருங்கக்கா."

நினைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நினைத்தேன். மண்ணின் கனம் ஞாபகம் வந்தது. மிதித்த கால் ஞாபகம் வந்தது. கயிறு வரவில்லை. தலையை ஆட்டினேன். அவள் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம்.

காவலரிடம் போய்ச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து, "கல்ல எடுக்கலாம். இன்னான்னு கேட்டா நான் சொல்லிக்கறேன்," என்றார்.

அன்றைக்கு நாற்று நடுவதாக இருந்தது. வேன் நிறைய வேங்கையும் கடுக்காயும் மூங்கிலும் பைகளில் இருந்தன. ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. வலையை அறுத்துக் கற்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரையில் வைத்தோம். நாவல் மரம் கிடந்த இடத்தை நான்தான் காட்டினேன். கடப்பாறை இருந்தவர்கள் கடப்பாறையால் தோண்டினார்கள். மற்றவர்கள் இரும்புச் சட்டியில் மண் அள்ளினோம். விரிவுரையாளர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வருகிறவரை தோண்டினார். போட்டோவை அழித்துவிட்டதாக, கேட்காமலே என்னிடம் சொன்னார்.

வேர்கள் வந்தன. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக் கால் ஒன்று வந்தது. ஒரு ரப்பர் செருப்பு வந்தபோது எல்லாரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தோம். "அவருது இல்ல," என்றாள். ஆள் உயரத்துக்குப் போன பிறகு அடியிலிருந்து தண்ணீர் ஊறிக் குழியை நிரப்பத் தொடங்கியது. இறைக்க இறைக்க ஊறியது. நிறுத்தலாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் அவளே குழி ஓரத்துக்கு வந்தாள். "போதும்ங்க. ஏறிடுங்க எல்லாரும்," என்றாள்.

குழியை மூடிக் கற்களைத் திரும்ப அடுக்கினோம். அவளும் எங்களோடு நின்று கல் தூக்கினாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், நான் வரச்சொன்னதால், மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் வாங்குவது சுலபம் இல்லை, வழக்கமாக ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள், ஆனாலும் மனு போட்டுப் பார்க்கலாம் என்றார் வக்கீல். நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். எத்தனையோ மனு அடித்த விரல்கள். 'என் கணவர்' என்று அடித்துவிட்டு நின்றுவிட்டேன். காணாமல் போனவர் என்பதா, இறந்துபோனவர் என்பதா? எந்த வார்த்தை போட்டால் மனு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் கேட்டேன்.

மகளைப் பார்த்தாள். அது நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. குனிந்து என் காதருகே, "எதுவாச்சும் போட்டுக்குங்கக்கா. படிச்சு மட்டும் காட்டாதீங்க," என்றாள். படிக்கச் சொல்லிக் கேட்காமலே கைநாட்டு வைத்தாள்.

மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. அவள் அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வரவில்லை. நாங்கள் நாற்று நட்டோம். பங்குனி, சித்திரை வெயிலில் பாதிக்கு மேல் காய்ந்தது. வேனில் வருகிறவர்கள் குறைந்து குறைந்து ஆறேழு பேர் ஆனோம்.

வைகாசியில் ஒரு காலை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மகள், இரண்டு பை, ஒரு பாய். சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். குடகில் காப்பித் தோட்ட வேலைக்கு ஊர்க்காரர்கள் போகிறார்களாம், அவளும் போகிறாள்.

"அங்க போனா ஓட கண்ணுல படாதுக்கா," என்றாள். பிறகு, "நட்ட செடிங்க புடிச்சுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் காஞ்சிடுச்சும்மா. மீதி நிக்குது."

"தண்ணி ஊத்தறாங்களா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்."

"அது பத்தாதுக்கா," என்றாள். பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த மகள் எனக்குக் கை காட்டினாள். அம்மா பையை மேலே ஏற்றிக்கொண்டிருந்ததால் என் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். காவலர் ஒரு குடம் கொடுத்தார். ஓடையில் மொண்டு, வரிசையாக எல்லாக் குழிக்கும் ஊற்றினேன். காய்ந்து குச்சியாக நின்றவற்றுக்கும் சேர்த்துத்தான். எது செத்துவிட்டது, எது சாகவில்லை என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.