ஜப்பான்காரிக்கு வைத்த பொட்டு

சென்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வீட்டுக்குள் நுழைந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கையிலிருந்த குடை கீழே விழுந்தது. சுவரில் தொங்கிய ஜப்பான் பெண்ணின் நெற்றியில் — குங்குமப் பொட்டு!

என் ஜப்பான் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? ஈப்போவில் போட்டோக் கடை வைத்திருக்கும் ஒகாதா என்ற ஜப்பானியரிடம் மூன்று வருஷமாக மரக்கட்டை அச்சுப் படங்கள் வாங்கி வருகிறேன். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. மழைக்கென்று தனிக் கட்டை! வாங்கியதும் முதலில் படத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன். தாளைத் தேய்த்து அச்சடித்த கையின் தடம் அங்கேதான் தெரியும். அதில் என்ன சுகம் என்று கேட்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள்...

ஆனால் இது அச்சுப் படம் அல்ல. பட்டுத் துணியில் கையால் தீட்டிய சுருள் படம். ஒகாதாவின் மறைந்த அப்பா வைத்திருந்தது. விற்பனைக்கே இல்லை. ஒரே ஒரு வாரம் வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தேன். "ஈரக் கை மட்டும் படக்கூடாது" என்று மலாயில் மூன்று முறை சொல்லித்தான் கொடுத்தார்.

"யார் வச்சது இது?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி செல்லத்தின் அக்கா பொன்னம்மா வந்தார். செல்லத்தின் வளைகாப்புக்காகச் சித்தியவானிலிருந்து வளையல்களோடு வந்திருந்தவர்.

"நான்தான் வச்சேன் தம்பி. ஞாயித்துக்கெழம வளைகாப்ப வச்சிக்கிட்டு, வீட்ல ஒரு பொம்பள வெறும் நெத்தியோட நிக்கலாமா? லட்சணமா வேற இருக்கா லா!"

"அக்கா, அது படம்!"

"ஏன், சாமி படத்துக்கு நாம வைக்கலியா?"

எனக்குக் கோபத்தில் கண் மண் தெரியவில்லை. ஒரு துண்டை நனைத்து லேசாகத் துடைத்தேன். பொட்டு போகவில்லை, பரவியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்... ஐயோ! புருவம் துண்டோடு வந்துவிட்டது. அந்த வெள்ளை முகம் சிப்பிப் பொடியில் தீட்டியதாம். தண்ணீர் பட்டால் கரையுமாம். மூக்கு இருந்த இடத்தில் சிவப்புச் சேறு!

என்னைவிட அதிகமாகப் பதறியவர் பொன்னம்மா அக்கா. "ஐயையோ தம்பி! ஒரு சுமங்கலி பொட்ட அழிச்சிட்டீங்களே! அதுவும் வெள்ளிக்கெழம, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல!"

செல்லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க... என்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க?"

மூன்று வருஷமாக வீட்டாருக்கு ஈரக் கை ஆகாது, ஈரக் கை ஆகாது என்று பாடம் நடத்தியவன் நான்! ரசிகன் என்று பேர் வாங்குவது சுலபம். கோபம் வரும்போதுதான் தெரிகிறது, ரசனை எவ்வளவு ஆழம் என்று.

மறுநாள் காலையில் சுருளைக் கொண்டுபோய் ஒகாதாவின் மேஜையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பொட்டையும் சொன்னேன், துண்டையும் சொன்னேன்.

"அந்தப் பொட்டு எதற்கு?" என்றார்.

"கட்டியவன் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு வைப்பது. இவளும் நல்லா இருக்கணும்னு வச்சிட்டாங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "பொட்டோடு கொண்டுவந்திருந்தால் ஜப்பானுக்கு அனுப்பிச் சரிபண்ணியிருப்பேன். முகமே போனபிறகு என்ன செய்ய?"

மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். சுருட்டிக் கயிறு கட்டி உள்ளே வைத்தார். "இனிமேல் படம் பார்க்க வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. படியிறங்கப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த அக்காவையும் கூட்டி வாருங்கள். அவர் தொடலாம்."