நாலாம் கியரில் நின்ற வான்

சனிக்கிழமை, எங்கள் வானின் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைக் கழற்றுவதற்கு முன்பு அதைக் கொப்பியில் வரைந்துகொண்டேன். மூடியைத் திறந்தால் தெரியும், உள்ளே சுழலும் றோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் கம்பி எந்தப் பிளக்குக்குப் போகிறது என்பதையெல்லாம் பென்சிலால் குறித்தேன். கீழே, "கை பிறேக் பலமில்லை. வான் நாலாம் கியரில் நிற்கிறது" என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதியதும் நான்தான் என்பதால் இன்றைக்கும் இந்த விஷயத்தில் எனக்கு வீட்டில் வாயில்லை.

போர்த் தடையால் பெற்றோல் வராத காலம் அது. அச்சுவேலியில் எங்கள் பழைய வான் மண்ணெண்ணெயில் ஓடியது. மருந்துப் போத்தலில் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். டிஸ்ரிபியூற்றரின் தண்டு தேய்ந்து ஆடியதில் பொறி நேரத்துக்கு விழவில்லை. மருதனார்மடத்தில் ஒருவர் பழைய பித்தளைத் துண்டில், தண்டை ஆடாமல் பிடிக்கும் வளையமான புஷ் கடைந்து தர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் எனக்கு நித்திரை சரியில்லை. மனைவியின் தங்கை, என் மச்சாள், எங்களோடுதான் இருந்தாள், நிறைமாதம். வலி கண்டால் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வானை விட்டால் என் சைக்கிள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, படத்தில் உள்ளபடியே டிஸ்ரிபியூற்றரைச் செருகிப் பூட்டினேன். கியரை எடுத்துவிட்டு, முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் ஒருமுறை தும்மி, காபரேற்றர் வழியே புகையைக் கக்கிவிட்டு அடங்கியது. கழற்றி மீண்டும் பூட்டினேன். மீண்டும் தும்மல். படத்துக்கும் பொருளுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மருந்துப் போத்தல் மட்டும் பாதியாகியிருந்தது.

மச்சாள் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "அத்தான், பிள்ளை எத்தினை மணிக்குப் பிறக்குமெண்டும் உந்தக் கொப்பியிலை கிடக்கோ?"

தேத்தண்ணியோடு வந்த மனைவி சற்றுத் தயங்கினாள். "இஞ்சருங்கோ, மழை வரப்போகுதெண்டு வானைக் கொட்டிலுக்கை தள்ளி விட்டனாங்கள். அதுக்கும் உதுக்கும் ஏதும் சம்பந்தம் இருக்குமோ?"

"எப்ப தள்ளினீர்?"

"ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மருதனார்மடம் போயிருக்கேக்கை. அசையமாட்டன் எண்டு நிண்டது. பக்கத்து வீட்டு ஆக்களையும் கூப்பிட்டு நாலு பேராத் தள்ளினம்."

கியரில் நிற்கும் வானைத் தள்ளினால் சில்லோடு எஞ்சினும் சுற்றும், கழற்றி வைத்த டிஸ்ரிபியூற்றர் சுற்றாது. என் படம் சனிக்கிழமை எஞ்சினின் படம். வான் கொட்டிலுக்குள் வந்திருந்ததைக் கண்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

"நாலாம் கியரிலை நிக்குதெண்டு எழுதி வைச்சனான் எல்லோ?"

"கொப்பியிலைதானே எழுதினீங்கள். என்னட்டைச் சொல்லேல்லையே."

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

இனி முதலாம் பிஸ்டனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது இரண்டு தரம் மேலே வரும். ஒருதரம் புகையைத் தள்ள, மற்றத்தரம் காற்றை அமுக்க. பொறி வேண்டியது இரண்டாவதற்கு. வெளியே எஞ்சினோடு சுற்றும் கப்பியிலுள்ள வெட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். பிளக்குகளைக் கழற்றி, முதலாம் துவாரத்தில் மனைவியைப் பெருவிரலை வைக்கச் சொன்னேன்.

"விரல் போகாதோ?"

"போகாது. முதலிலை உறிஞ்சும், பிறகு தள்ளும். தள்ளேக்கை சொல்லும்."

மெல்லச் சுற்றினேன்.

"இல்லை... உறிஞ்சுது... ஓம், தள்ளுது! நிப்பாட்டுங்கோ, விரலைத் தூக்குது!"

கப்பியின் வெட்டை எஞ்சினில் உள்ள அடையாளத்துக்கு நேரே கொண்டுவந்து, றோட்டர் முதலாம் கம்பியைப் பார்க்கும்படி டிஸ்ரிபியூற்றரை இறக்கி, பிளக்குகளையும் பூட்டினேன். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. மனைவி கரி விரலாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. அழகாகத்தான் இருந்தது.

மண்ணெண்ணெய்க்குப் பொறி கொஞ்சம் பிந்த வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாரத்தோடு ஏற்றம் ஏறினால்தான் தெரியும், பொறி முந்தினால் எஞ்சின் படபடவென்று தட்டும். ஆனால் எங்கள் ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது? வானைத் தள்ளிய அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு, வாய்க்காலுக்கு மேலே றோட்டு கூனி நிற்கும் மதகின் முதுகில் ஏறினேன்.

"சோளம் பொரியிற மாதிரிக் கேக்குது" என்றாள் மனைவி. டிஸ்ரிபியூற்றரை ஒரு நூல் பின்னுக்குத் திருப்பினேன். "இன்னும் பொரியுது." மூன்றாம் தரம், "இப்ப இல்லை." இறுக்கிவிட்டு அந்த இடத்தில் உளியால் ஒரு கீறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வலி வந்தது. வான் ஒரே சுற்றில் கிளம்பியது. பின்னால் அக்காவும் தங்கையும் கை கோத்திருந்தார்கள்.

"பொரியிற சத்தம் ஏதும் கேக்குதோ?" என்றேன்.

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பெண் குழந்தை, 3.10. தாயும் சேயும் சுகம். வான் ஆஸ்பத்திரி வேம்பின் கீழ், கியர் இல்லாமல், சில்லுக்குக் கல் வைத்து நிற்கிறது. மனைவிக்கு வாயாலும் சொல்லியாயிற்று."