பாதாளத்தில் இருந்த வீடு

மட்டாஞ்சேரியில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒல்லியானவர். எந்தக் கோப்பைத் தொடும் முன்பும் அதை நகலெடுத்து வைப்பார். எனக்கு எழுத்து வாசிக்கத்தான் தடுமாறும்; விளையாட்டு நன்றாக வரும். துபாயிலிருக்கும் மகளோடு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் உலகமே கட்டியிருந்தேன். வேறு சர்வருக்கு மாற்றியதும், அந்த உலகத்துக்குக் கீழே பாதாளம் என்று இருக்கும் இன்னோர் உலகத்தில் அவள் கட்டிய வீட்டைக் காணோம். பழைய கோப்புகளோடு அவரிடம் போனேன்.

“புதுசா ஒண்ணு கெட்டிக்கூடாதா அம்மே?”

“அது என் மக கட்டினது மோனே. கிடைக்காம எழுந்திருக்க மாட்டேன்.”

“அப்போ சாயா குடிச்சிண்டே இருங்கோ.”

பழைய சர்வர் பாதாளத்தைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்ததாம். புதியதோ உலகத்தின் ஃபோல்டருக்குள்ளேயே தேடியதாம். அவர் அதை அங்கே எடுத்து வைத்ததும் திரையில் வீடு நின்றது.

விளையாட்டுக்குள் அந்த வீட்டு வாசல்வரை போனவர் கதவைத் திறக்கவில்லை. மவுஸை என்னிடம் தள்ளினார்.

“நீங்க கேறுங்கோ.”

நான் உள்ளே போகும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு வீடுதானே என்று அவருக்கு ஏன் தோன்றவில்லையோ!