அவள் உடம்புக்கு நான் போடாத கையெழுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். தன் மேல் தப்பு இருக்கிற விஷயத்தைத் தானே எழுதுவது என்றால் கை வரமாட்டேன் என்கிறது. எட்டாவது வரை படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நடந்தது. தேரடித் தெருப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் எனக்கு வேலை. கோயில் மணி கேட்டால் கையில் இருக்கும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். வாடகை வீடு, மூன்று பெண் குழந்தைகள். பௌர்ணமி கிரிவலத்துக்கு இப்போது மாதிரிக் கூட்டம் அப்போது கிடையாது. புளிய மரத்து நிழல் விழுந்த ரோட்டில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் தனியாக நடந்துபோவோம். கடைக்குட்டி என் தோளில் தூங்கும். பெரியவள் முன்னால் ஓடி ஒவ்வொரு நந்தியையும் தொட்டுவிட்டு வருவாள். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் மனசு இனிக்கிறது.

என் மனைவி மட்டும் அடி அண்ணாமலை வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும், உதடு வெளுத்திருக்கும். மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் ஜாஸ்தி போயிருந்தது. இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள், வரும்போது வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடக் கூட்டி வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "ஏங்க, நாளைக்கு ஒரு அரை நாள் லீவு போடுங்களேன். வந்து கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்."

"சாமியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

எங்கள் பக்கம் பூ கட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். பிராகாரத்தில் விளையாடிக்கொண்டிருந்த யாரோ வீட்டுக் குழந்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தேன். சிவப்பு அரளி.

வீட்டுக்கு வந்து, "அண்ணாமலையாரே வேணாம்னுட்டாரு" என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "சைக்கிள் வாங்கறதுக்குக் கட்டிப் பாத்தப்போ செகப்பு வந்துச்சு. வெள்ள வர்ற வரைக்கும் மூணு தடவ கட்டினீங்க. எனக்கு ஒரு தடவதானா?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது நிஜம் என்பதால்தான் அவ்வளவு கோபம். சிவப்பு வந்ததில் எனக்கு நிம்மதிதான். ஒரு ஆண் பிள்ளை வேண்டும் என்கிற ஆசை உள்ளே இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் சாமி மேல் போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷமே மறுபடி உண்டானாள். ஏழாம் மாசம் ஒரு நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு அம்மா கடைக்கு ஓடி வந்தார். நான் போனபோது அவளை ஜட்காவில் ஏற்றியிருந்தார்கள். வண்டியில் விரித்திருந்த சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பாதி வழிக்கு மேல் பதில் இல்லை.

குழந்தை ஒரு மணி நேரம் இருந்தது. ஆண் குழந்தை. அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைப்பாளா மாட்டாளா என்று மூன்று நாள் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் மலை நேர் எதிரே தெரியும். தினம் கும்பிடுகிற மலையை அந்த மூன்று நாளும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாலாம் நாள் கண் திறந்து கஞ்சி குடித்தாள். டாக்டரம்மா அவளிடம் கேட்டார், "போன வருஷமே வரச் சொன்னேனேம்மா, ஏன் வரல?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான்தாம்மா கையெழுத்து போடல" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்ப இவங்களக் கத்தி வச்சுத் தொட முடியாது. ஒரு வருஷமாவது ஆவணும். ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்கு, சின்ன வேலைதான். யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயம் ஊரில் ஆம்பளைகளுக்கு அந்தப் பேச்சே நடுக்கம். பிடித்துக்கொண்டுபோய்ச் செய்துவிடுகிறார்கள் என்ற எமர்ஜென்சி காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. கடையில் ஒருத்தர் காதோரம் வந்து, "பண்ணிக்கினா அப்புறம் ஒரு அண்டாவத் தூக்க முடியாது, தெரியுமா. இன்னாத்துக்கு ஒனக்கு இந்த வேல?" என்றார்.

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த விஷயத்தில் அவளை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நா சொல்ல வேண்டியத போன வருஷமே சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.

மறுவாரம் நானே போனேன். கம்பவுண்டர் ஒரு பாரத்தை நீட்டி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். "எங்க வீட்டம்மாவ எப்பக் கூட்டினு வரணும், கையெழுத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவங்க எதுக்குங்க? ஒங்க ஒடம்புக்கு நீங்க போட்டா போதும்."

பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே நின்றேன். அவள் உடம்பு அவளுடையது என்கிற அளவுக்குக்கூட அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அவள் வேண்டும் என்று கேட்டதை நான் போடாத கையெழுத்து தடுத்தது. என் விஷயத்தில் அவளைக் கேட்க ஆளே இல்லை.

பத்து நாளில் வேலைக்கு வந்துவிட்டேன். பெரிய அண்டா ஒன்றை வேண்டுமென்றே அந்த ஆள் எதிரே தூக்கி வைத்தேன்.

எண்பதுகளில் எங்கள் பெண்கள் பெரியவர்களானார்கள். தொண்ணூறுகளில் பெரியவள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தபோது, ஆபரேஷன் செய்துவிடலாமா என்று மாப்பிள்ளை என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார். "என்ன எதுக்குக் கேக்கறீங்க? உள்ளதான் இருக்கா, அவளப் போய்க் கேளுங்க" என்றேன். உள்ளிருந்து என் மனைவி இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு இருமல் வரும்.

இதை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். "நீங்க தானாத் திருந்தினா மாதிரி எங்கயும் இல்லதானே? அப்ப சரி" என்றாள். படிக்கிறவர்களுக்கும் அதே வேண்டுகோள். இதை உங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்கிவிடாமல் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். அண்ணாமலையாரைத் தினமும் கும்பிடுகிறேன், ஆனால் அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை அவரிடம் கொண்டுபோவதை அந்தச் சிவப்பு அரளியோடு விட்டுவிட்டேன்.